இண்டூர் வரை போய்த் திரும்புகிறவள்

வேலாங்கொட்டாய் அமுதவல்லி இதுவரை நடந்த நடையை ஒரே நேராக நீட்டிப் போட்டால், அது ஒகேனக்கல்லைத் தாண்டி, காவிரியைத் தாண்டி, மைசூர் அரண்மனை வாசலில் போய் முட்டும். நம்பாதவர்கள் கயிறு எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்க்கலாம். இத்தனைக்கும் அவளுக்கு நடப்பதில் தனி ஆசை எதுவும் கிடையாது. பேருந்தை நிறுத்தச் சொல்ல வாய் வராது. அவ்வளவுதான் சங்கதி.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடையில் அவளுக்குப் புடவை மடிக்கிற வேலை. வாங்க வந்தவர்கள் விரித்து, உதறி, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன புடவைகளெல்லாம் அவள் முன்னால் மலையாகக் குவியும். மாம்பழ மஞ்சளையும் மயில்கழுத்துப் பச்சையையும் பழைய மடிப்பிலேயே படுக்க வைத்துவிடுவாள். அந்த வேலைக்குக் கைதான் வேண்டும், வாய் வேண்டாம்.

சாயங்காலம் பெண்ணாகரம் போகும் டவுன் பஸ். வேலாங்கொட்டாய் இண்டூருக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரத்துச் சிறு பாலத்தை ஒட்டி இருக்கிறது. அது கணக்கில் உள்ள நிறுத்தமில்லை. "எறக்கம் இருக்குது!" என்று யாராவது குரல் கொடுத்தால் வண்டி நிற்கும். கொடுக்காவிட்டால் பாலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அமுதவல்லி அந்த வார்த்தையைப் பேருந்து புறப்படும்போதே தயார் செய்துவிடுவாள். அது அடிவயிற்றிலிருந்து ஏறி, நெஞ்சில் கொஞ்சம் இளைப்பாறி, தொண்டைக்கு வந்து உட்கார்ந்திருக்கும். பாலம் கண்ணில் பட்டதும் வந்த வழியே இறங்கிப் போய்விடும். பேருந்து இண்டூரில் நிற்கும். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, வந்த சாலையிலேயே திரும்பி நடப்பாள். நடத்துநருக்கு அவள் இண்டூர்க்காரி. கட்டணமில்லாத சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது "இண்டூருங்களா?" என்பார். அவள் தலையாட்டுவாள்.

ஒருமுறை வேறு ஒரு பெண் வழியில் நிறுத்தச் சொன்னதற்கு, முன் இருக்கைக்காரர் ஒருவர், "ஓசியில வர்றவங்களுக்கு வூட்டு வாசல்ல வேற நிறுத்தணுமா?" என்றார். திட்டு வாங்கிய பெண் அதை அங்கேயே உதறிவிட்டு இறங்கிப் போனாள். அமுதவல்லிதான் அதைப் பத்திரமாக மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அவள் நடப்பதற்கு ஊரார் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மாரியம்மனுக்கு வேண்டுதல் என்றார்கள் சிலர். சர்க்கரை என்றார்கள் சிலர். தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் அவள் புருஷன் முருகேஷ் மட்டும், "நான் வேணா இண்டூருக்கு வண்டி எடுத்துட்டு வரட்டுமா புள்ள?" என்று அவ்வப்போது கேட்பான்.

"வேணாங்க. காத்தாட வந்துடறேன்."

காற்று உண்மைதான். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே வானம் தடுமாறும் அந்த நேரத்தில் கேழ்வரகுக் கதிர்கள் தலையசைக்கும். சாமந்தித் தோட்டங்களிலிருந்து வாசனை எழுந்து சாலையின் குறுக்கே படுத்துக்கொள்ளும். அந்த வாசனைக்குள் கால் வைத்ததும் அமுதவல்லி வேறு ஆளாகிவிடுவாள். மனசுக்குள் கை நீட்டி, "நில்லு" என்பாள். பேருந்து நிற்கும். பெங்களூர் ரயில் நிற்கும். மலைமேல் போகிற மேகம்கூட, "என்னங்கம்மா?" என்று நின்று கேட்டுவிட்டுத்தான் நகரும்.

இவளுக்குக் குரல் இல்லாமல் போனதற்குக் காரணம் அக்கா பழனியம்மாள். பிறக்கும்போது இருவருக்கும் சமமாகத்தான் குரலை அளந்து கொடுத்திருக்க வேண்டும். மூத்தவள் தன் பங்கைப் பத்து வயதுக்குள் தீர்த்துவிட்டுத் தங்கையின் பங்கில் கை வைத்துவிட்டாள். சின்னவளுக்குத் தாகம் எடுத்தால், "இவளுக்குத் தண்ணி வேணுமாம்!" சின்னவளின் வகுப்பில் வருகை எடுத்தால் பக்கத்து வகுப்பிலிருந்து பெரியவள் "உள்ளேன் ஐயா!" கத்தூரில் வாக்கப்பட்டுக் காய்கறிக் கடை போட்ட பிறகு, அவள் கத்தரிக்காய் விலை சொன்னால் பொம்மிடியில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்குக் கேட்கும் என்பார்கள்.

அந்தப் பழனியம்மாளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. நெடுக நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு தேறும் வரை தங்கை வீட்டில் இருக்கலாம் என்று முடிவு செய்து போன் போட்டாள்.

"ஏ அமுதா, ஆட்டோவெல்லாம் எனக்கு ஒத்துக்காது, தூக்கித் தூக்கிப் போடும். பஸ்ஸுதான். ஆமா, உனக்குத்தான் வாயே கெடையாதே, நீ எப்படிடி வழியில எறங்குவ?"

அமுதவல்லிக்கு எங்கிருந்து அந்த ரோஷம் வந்ததோ. "என்னக்கா இப்படிக் கேக்கற? நான் ஒரு வார்த்த சொன்னாப் போதும். வூட்டு வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"நெசமாவா? அப்ப உன் பஸ்ஸுலயே வரேன். அந்தக் கண்கொள்ளாக் காட்சிய நானும் பாக்கறேன்."

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாய் வராவிட்டால் அக்கா அந்தக் காலோடு இண்டூரிலிருந்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்காவே கத்துவாள். சின்ன வயதில் தாகத்துக்குக் கத்திய மாதிரியே, நாற்பது வயதைத் தாண்டிய தங்கைக்காக, பேருந்து முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். இரண்டாவதை நினைத்தபோது முதலாவதே தேவலாம் போலிருந்தது.

மறுநாளிலிருந்து பழக ஆரம்பித்தாள். முதலில் டீ. கடைக்கு டீ கொண்டுவருகிறவரிடம், "எனக்குச் சக்கர கம்மியாங்க" என்றாள். இத்தனை வருஷமும் பாகு மாதிரி குடித்து வந்தவள். அவர், "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இடி விழவில்லை. அப்புறம் முதலாளியிடம் மின்விசிறியைப் போடச் சொன்னாள். போட்டார்.

விடிகாலையில் மாட்டுக் கொட்டகையில் நின்று "எறக்கம் இருக்குது" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பசு அசை போடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது. தைரியம் வந்து, தோட்டத்தில் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். மோட்டார் நின்றுவிட்டது. கரண்ட் போயிருக்கும் என்றான் முருகேஷ். அவள் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அன்று முழுக்க அவள் நடையில் ஒரு மிதப்பு இருந்தது.

அக்கா வந்த நாளில் அரைநாள் விடுப்பு கேட்டு வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் காத்திருந்தாள். கையில் ஊன்றுகோலும் தோளில் பையுமாகப் பழனியம்மாள் இறங்கி வந்தாள். பெண்ணாகரம் பேருந்தில் முன்பக்கமாக இருவருக்கும் இடம் கிடைத்தது.

"இண்டூர் ரெண்டுங்களா?" என்றார் நடத்துநர். அமுதவல்லி பழக்க தோஷத்தில் தலையாட்டிவிட்டாள்.

"இண்டூரா?" அக்கா புருவத்தைத் தூக்கினாள். "வாசல்ல நிக்கும்னு சொன்ன?"

"நிக்கும்க்கா. நீ பேசாம வா."

மாலை வெயில் ஜன்னல் வழியாக மடியில் வந்து விழுந்தது. அமுதவல்லிக்குப் பேருந்து ஓடுகிற மாதிரியே இல்லை. தோட்டங்களும் தென்னைகளும்தான் அவளை நோக்கி அவசர அவசரமாக ஓடி வந்தன. வார்த்தை தொண்டைக்கு வந்து உட்கார்ந்தது.

"இன்னும் எவ்ளோ தூரம்? ரோட்ட அகலமாக்கி ஒன்னும் அடையாளமே தெரியல. நான் வேணா சொல்லட்டுமா?"

"நான் சொல்லிக்கறேன்."

"உனக்குச் சத்தம் வராதுடி. இரு, நானே..."

பழனியம்மாள் மூச்சை உள்ளே இழுத்தாள். அமுதவல்லிக்கு அந்த மூச்சு தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். அது வெளியே வருவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"எறக்கம் இருக்குது!"

அது என்ன குரல்! இத்தனை வருஷமாகச் செலவழிக்காமல் வைத்திருந்ததெல்லாம் வட்டியோடு வெளியே வந்தது. ஓட்டுநர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். மேலே கட்டியிருந்த முருங்கைக்காய்க் கட்டு முன்கண்ணாடிக்கு வந்து எட்டிப் பார்த்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து, தங்கள் ஊர் வந்துவிட்டதென்று பைகளைத் தேடினார்கள்.

"நீங்க இண்டூருங்கதானம்மா?" என்றார் நடத்துநர் காதைத் தேய்த்துக்கொண்டு.

"இல்லீங்க. நான் வேலாங்கொட்டாய். அக்காவுக்குக் கால் சரியில்ல, மெதுவா எறங்கறோம். பொறுத்துக்கங்க."

யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் எழுந்து பையைக்கூட எடுத்துக் கொடுத்தார். பேருந்து புறப்பட்டுப் போனது. தூசி அடங்கியது. சுற்றிலும் சாமந்திதான். பாலத்தைக் காணோம்.

"எங்கடி உன் வாசல்?"

அமுதவல்லி சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அவசரத்தில் வெகுமுன்னாலேயே கத்திவிட்டிருந்தாள். பாலத்துக்கு இன்னும் அரை மைலாவது இருக்கும். அழுகை வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அக்கா, நான் சொன்னது பொய். இத்தன வருஷமா இண்டூர் வரைக்கும் போயி, திரும்பி நடந்துதான் வூட்டுக்குப் போறேன். நிறுத்தச் சொல்ல வாய் வந்ததே இல்ல. இன்னிக்குத்தான் வந்துச்சு. வந்த வேகத்துல எடம் தப்பிப் போச்சு."

பழனியம்மாள் ஊன்றுகோலில் சாய்ந்தபடி தங்கையைப் பார்த்தாள்.

தோட்டம் தோட்டமாகப் பூ ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி வந்தது. அதைக் கண்டதும் பழனியம்மாள் பழையபடி மூச்சை இழுத்தாள். அமுதவல்லி அவள் தோளில் கை வைத்தாள்.

"நீ இரு அக்கா."

சாலைக்கு நடுவே போய் நின்று கை நீட்டினாள். மேகத்துக்கு நீட்டுகிற அதே கை. "அண்ணே, நிறுத்துங்க! கால் முடியாதவங்க இருக்காங்க, பாலத்துக்கிட்ட விட்டுடுங்க."

வண்டி நின்றது. ஓட்டி வந்தவர் அக்காவைக் கைத்தாங்கலாக முன்னால் ஏற்றிக்கொண்டார். அமுதவல்லி பின்னால் பூ மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். மூட்டை மெத்தென்று உள்வாங்கியது. வானம் முழுக்க மஞ்சள். கீழேயும் மஞ்சள். நடுவில் எங்கேயோ அவள் மிதந்துகொண்டு போனாள். தினமும் நடக்கிற சாலை காலுக்குக் கீழே வெகு ஆழத்தில், வேறு யாருடையதோ மாதிரி ஓடியது.

பாலம் வந்தது. எஞ்சின் இரைச்சலில் முன்னால் உள்ளவர்களுக்குச் சாதாரணமாகச் சொன்னால் கேட்காது. அவள் எழுந்து நின்று, கூரையைத் தட்டிவிட்டு, இந்த முறை இடம் பார்த்து, நிதானமாகக் குரல் கொடுத்தாள். வண்டி பாலத்துக்கு நேராக, ஒரு முழம்கூடத் தப்பாமல் நின்றது. தோட்டத்தில் குனிந்திருந்த முருகேஷ் நிமிர்ந்து பார்த்தான்.

பழனியம்மாள் ஒரு காதைப் பொத்தியபடி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஏன்டி இப்படிக் கத்தற? மெதுவாச் சொன்னா ஆவாதா?"