இரண்டு நொடிக்கு மேல் எரிந்த வெடிப்பு

எங்கள் பக்கத்துக்காரர் என்பதற்காகவே ஒரு பெண்ணின் ஆய்வுக் கட்டுரையை நான் அநியாயமாகத் தள்ளினேன். ஊர்ப்பாசம் காட்டினான் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்ற பயம்.

நான் வாழும் நெதர்லாந்தில் சன்னலுக்குத் திரை போடமாட்டார்கள். சாயங்காலம் தெருவில் நடந்தால் எந்த வீட்டில் என்ன சாப்பாடு என்பதுகூடத் தெரியும். இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கூச்சம் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டே நடக்கிறேன். எங்கள் வானியற்பியல் தொழிலில் மட்டும் கனத்த திரை உண்டு. கட்டுரையை மதிப்பிடுபவருக்கு எழுதியவர் யாரென்று தெரியும். எழுதியவருக்கு மதிப்பிட்டவர் யாரென்று தெரியாது.

மதிப்பிட வந்த ஒரு கட்டுரையில் பெரம்பலூர் என்ற முகவரியை இரண்டு முறை படித்தேன். நான் ஜெயங்கொண்டத்துக்காரன். எழுதியவர் வளர்மதி, பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் சுற்றிச் சுற்றி வந்து மோதும்போது காமாக்கதிர் வெடிப்பு எழுகிறது. அதற்கு வலுக் கொடுப்பது எது? மோதலில் பிறந்த கருந்துளை சிதறலை விழுங்குவதா? அல்லது கருந்துளை ஆகாமல் தப்பி, பெரும் காந்தப்புலத்தோடு வெறிபிடித்துச் சுழலும் மேக்னட்டார் என்னும் விண்மீனா? இன்றும் முடியாத வழக்கு இது. அன்று எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது: வெடிப்பு இரண்டு நொடிக்குள் அடங்கினால் மோதல், தாண்டினால் ஒரு பெரிய விண்மீனின் சாவு. வளர்மதி எடுத்துக்கொண்ட வெடிப்பு அதைவிட மிக நீண்டது. இதுவும் மோதல்தான், மேக்னட்டார்தான் இதை இவ்வளவு நேரம் எரியவிட்டது என்று வாதாடியிருந்தார். வேறு நாட்டுக்காரர் எழுதியிருந்தால் திருத்தி அனுப்பச் சொல்லியிருப்பேன். அவருக்கு, "ஆசிரியருக்கு அடிப்படையே தெரியவில்லை" என்று எழுதினேன்.

சில வருடங்களில், அப்படியொரு நீண்ட வெடிப்பின் பின்னால், மோதலுக்கே உரிய கனத் தனிமங்களின் ஒளி தென்பட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். மோதல்தான் என்று வளர்மதி அன்றே எழுதியிருந்தார்; நான் கைதட்டவில்லை.

ஓய்வு பெற்றதும் பெரம்பலூர் போனேன். ஆசிரியர் அறையில் டீயை முன்னால் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வளர்மதி தன் டீயைத் தள்ளி வைத்தார்.

"என் கட்டுரையப் பாத்த அந்த ரெண்டாவது ஆளு நீங்கதானா சார்?"

"நான்தாம்மா."

"எவனோ வெள்ளக்காரன்னு நெனச்சு, எங்க வூட்டுக்காரர்கிட்ட வண்ட வண்டையாத் திட்டுனேன். ஜெயங்கொண்டத்து ஆளுன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு சேத்துத் திட்டியிருப்பேன்." சிரித்தார். பிறகு முகம் மாறியது. "அதுக்கப்புறம் நான் எதையுமே அனுப்பலங்க. படிக்கறதோட சரி."

சேர்ந்து ஒரு கட்டுரை எழுதலாம், உங்கள் பெயர் முதலில் என்றேன்.

"வேணாங்க. உங்க பேரு கடைசில இருந்தாக்கூட உங்க வேலைன்னுதான் சொல்லுவாங்க. எந்த ஆளுங்களுக்குப் பயந்து எழுதுனீங்களோ, அவங்க முன்னாடி சொல்லுங்க."

சொன்னேன். நெதர்லாந்தில் நடந்த ஆய்வரங்கில், அந்தக் கட்டுரையைத் தள்ளியது நான், தவறு என்னுடையது என்றேன். அதை ஏதோ கீழைநாட்டுப் பணிவு என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள். தலைமை தாங்கியவர் அன்பாகவே கேட்டார்: "உங்கள் உறவினரா?" எந்தக் கேள்விக்குப் பயந்து அந்த வரியை எழுதினேனோ அது கடைசியில் வந்தேவிட்டது. "இல்லை, பக்கத்து ஊர்" என்றேன். அரங்கம் சிரித்தது.

ஆனாலும் அடுத்த கூட்டத்தில் வளர்மதியைப் பேச அழைத்தார்கள். கல்லூரியிலிருந்தே இணையத்தில் பேசினார். முடித்ததும் ஓர் இளைஞன் எழுந்தான். மேக்னட்டார் தன்னைச் சுற்றி அவ்வளவு குப்பையை ஊதித் தள்ளுமே, அதற்குள்ளிருந்து கதிர்த்தாரை எப்படி அவ்வளவு வேகத்தோடு வெளியே வரும்? நல்ல கேள்வி. வளர்மதி வாயெடுத்தார், திரை இருண்டது. பெரம்பலூரில் கரண்ட் போய்விட்டது.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "நீங்கள் சொல்லுங்களேன்" என்றார் தலைவர். எனக்கு ஒரு பதில் தெரியும். ஆனால் அது வளர்மதிக்கு வந்த கேள்வி.

"அவர் வருவார்" என்றேன். "காத்திருப்போம்."

நேரத்தைப் பொன்னாக எண்ணும் அந்தக் கூட்டம் கைக்கடிகாரத்தைப் பார்த்தது. அவர்கள் நடுவில் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, எந்த ட்ரான்ஸ்ஃபார்மரோ, யார் ஏறிச் சரிசெய்வார்களோ என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.