பதினேழாவது பெட்டி

அம்மா வரும் பெட்டி இந்த ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்கு வெளியேதான் நிற்கும் என்பது எனக்குத் தெரிந்தபோது ரயில் கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. அடுத்தது சங்கரன்கோவில். அதற்கு அடுத்த நிறுத்தம், நான் நின்றுகொண்டிருந்த இடம்.

சொன்னவர் என்னை அழைத்து வந்த ஆட்டோ அண்ணாச்சி. வேப்பமரத்தடியில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, நேரம் போகாமல் கேட்டார்.

"அம்மா எந்தப் பெட்டி தாயி?"

"எஸ் பதினொண்ணு அண்ணாச்சி. இஞ்சின்ல இருந்து பதினேழாவது."

"பதினேழா? அது இங்கன நிக்காதே."

"ரெண்டு நிமிஷம் நிக்கும்னு போட்டிருக்கே."

"ரயிலு நிக்கும். பதினேழாவது பெட்டி அங்கன, கருவேலங்காட்டுல நிக்கும்." கையை நீட்டிக் காட்டினார். பிளாட்பாரம் ஓரிடத்தில் சரிந்து முடிந்தது. அதற்கு அப்பால் ஜல்லியும் தண்டவாளமும் முள்ளும்தான்.

அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகி ஏழு வாரம் ஆகியிருந்தது. சென்னையில் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு அன்று ஊருக்குத் திரும்புகிறாள். அண்ணனுக்கு லீவு இல்லை. நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "ரெண்டு டிக்கெட்டு எதுக்கு? நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மூன்று மாதத்துக்குக் குதிக்கக் கூடாது, விழக் கூடாது. ரயிலின் கடைசிப் படிக்கும் ஜல்லிக்கும் நடுவே என் தொடை உயரத்துக்கு இடைவெளி இருக்கும். அங்கிருந்து அம்மா எப்படி இறங்குவாள்?

டிக்கெட் போட்டது நான். மென்பொருளில் விட்டுப்போனவற்றைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அம்மாவின் பயணத்துக்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். கீழ்ப் படுக்கை. வெஸ்டர்ன் கழிவறை இருக்கும் பக்கம். வாக்கர் மடங்குகிறதா என்று பார்த்தாயிற்று. ஆட்டோ சீட்டில் வைக்கத் தலையணை. சங்கரன்கோவிலில் இறங்கினால் நாற்பது நிமிடம் வேகத்தடைகளில் குலுங்க வேண்டும், இங்கே இறங்கினால் பத்தே நிமிடத்தில் வீடு. ஆகவே இந்த ஸ்டேஷன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போட்டிருந்தேன். பிளாட்பாரத்தின் நீளம் அந்தப் பட்டியலில் இல்லை. நான் சென்னைக்குப் போனதெல்லாம் பஸ்ஸில்தான். இந்த ஸ்டேஷனுக்குள் நுழைந்ததே அன்றுதான் முதல் தடவை.

இன்னும் நேரம் இருந்தது. போனை எடுத்து, சங்கரன்கோவிலிலேயே இறங்கிவிடு என்று சொல்லிவிட்டால் போதும். ஆட்டோவை அங்கே விரட்டிவிடலாம். கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரயிலில் போனை வெளியே எடுத்தால் ஜன்னல் வழியாகப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அம்மாவின் உறுதியான நம்பிக்கை. போனைச் சேலைகளுக்கு நடுவே சுருட்டிப் பைக்கு அடியில் வைத்திருப்பாள். ஏழு தடவை கூப்பிட்டேன். எட்டாவது தடவை அண்ணனைக் கூப்பிட்டேன்.

"நீதானட்டி டிக்கெட்டு போட்ட?" தூக்கக் கலக்கத்திலும் அவன் குரலில் ஒரு திருப்தி இருந்தது. "எக்செல்லு எல்லாம் போட்டு அனுப்பினியே, அதுல பாரு."

"விளையாடாத. அம்மாவால முன்னால நடந்து வர முடியுமா? நாலஞ்சு பெட்டி?"

"நாலஞ்சு பெட்டியா? இங்க ஹால்ல இருந்து அடுப்படிக்கு நடக்க மாட்டேங்கா. பிசியோதெரபிக்கு வாற பிள்ளை பத்து அடி நடங்கன்னா, நாளைக்கு நடக்கேன்னு சொல்லுதா. அம்பது நாளா நாளைக்குத்தான்."

வைத்துவிட்டேன். போனில் ரயிலைக் காட்டும் புள்ளி சங்கரன்கோவிலில் போய் நின்றது. மூன்று தடவை அம்மாவை அழைத்தேன். புள்ளி நகர்ந்தது.

நிற்க முடியவில்லை. பிளாட்பாரத்தை அடி வைத்து அளக்க ஆரம்பித்தேன். ஒரு பெட்டிக்கு என் காலால் முப்பது எட்டு என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு சிமெண்ட் பெஞ்சு, தண்ணீர் வராத குழாய், மஞ்சள் பெயர்ப்பலகை, சரிவு. நானூற்றுப் பதினெட்டு எட்டு. பதினான்கு பெட்டிக்குச் சற்றுக் குறைவு. திரும்பி அளந்தேன். நானூற்றிருபது. இஞ்சினைச் சேர்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆக, பதின்மூன்று. அளக்க அளக்கப் பெட்டி குறைந்துகொண்டே வந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்தில் ஒரு மயில் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. டிக்கெட் கொடுக்கும் அக்கா மட்டும்தான். நான் மேலும் கீழும் நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தவர், வெளியே வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"இது தெரியாமயா பின்னால டிக்கெட்டு போட்ட? இங்கன இறங்குறவுக ராஜபாளையம் தாண்டவுமே மூட்டை முடிச்சத் தூக்கிட்டு உள்ளுக்குள்ளயே முன்னால நடந்து வந்திருவாக. பாதி ஊரு அப்படித்தான் வந்து இறங்குது."

"அம்மாவால நடக்க முடியாதுக்கா. ஆபரேஷன் பண்ண காலு."

அவர் உள்ளே போய், தான் உட்கார்ந்திருந்த மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதக் கொண்டு போயிப் படிக்கு நேராப் போடு. கடைசிப் பெட்டியில கார்டு இருப்பாரு. நின்ன உடனே அவருகிட்டச் சொல்லு. இறங்குற வரைக்கும் கொடி காட்ட மாட்டாரு. பின்ன, ஸ்டூல் பத்திரம். நான் நின்னுக்கிட்டு டிக்கெட்டு குடுக்க முடியாது."

அண்ணாச்சி ஸ்டூலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். ஜல்லியில் இறங்கி நடந்தோம். செருப்பு புரண்டது. இங்கே பதினான்கு, இங்கே பதினைந்து என்று எண்ணிக்கொண்டே போனேன். பதினேழு வரும் இடத்தில் நிஜமாகவே ஒரு கருவேலமரம் நின்றது.

"டிரைவரு ரெண்டு தடவ நிப்பாட்டினா நல்லா இருக்கும்" என்றார் அண்ணாச்சி. "முன்பாதிக்கு ஒண்ணு, பின்பாதிக்கு ஒண்ணு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டூலை ஜல்லியில் போட்டு அழுத்திப் பார்த்தேன். ஒரு கால் ஆடியது. அதற்கு அடியில் ஒரு தட்டைக் கல்லைச் செருகினேன். மறுபடி அழுத்தினேன். மறுபடி ஆடியது. அம்மாவின் எடையை, அந்த ஆட்டத்தை, இரண்டு நிமிடத்தைச் சேர்த்து யோசிக்காமல் இருக்க முயன்றேன். தூரத்தில் ஹாரன் கேட்டது.

ரயில் எங்களைத் தாண்டி ஓடி, மெதுவாகி, நின்றது. எஸ் பதினொன்று நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளி இருந்தது. அண்ணாச்சி ஸ்டூலோடு ஓடினார். நான் பின்னால் திரும்பிக் கார்டைப் பார்த்துக் கத்தினேன். "சார், முழங்கால் ஆபரேஷன்! அம்மா இறங்கணும்!" அவர் தலையை நீட்டி, "சீக்கிரம், சீக்கிரம்" என்று கையை ஆட்டினார்.

வாசலில் அம்மா இல்லை. பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர் நுரையோடு என்னைப் பார்த்தார்.

"வாக்கர் வச்சிருக்கிற அம்மாவா? அவங்க அப்பவே எழுந்து போயிட்டாங்களே."

"எங்க போனாங்க?"

அவர் பிரஷால் எங்கேயோ காட்டினார். நான் ஸ்டூலில் ஏறிப் பெட்டிக்குள் ஓடினேன். அம்மாவின் படுக்கை காலியாக இருந்தது. அடியில் வாக்கர், மடங்கியபடி. பை இல்லை. அம்மா இல்லை. வாக்கர் இல்லாமல் அவள் எங்கே போயிருக்க முடியும்? கழிவறைக் கதவுகளைத் தட்டினேன். ஒன்று காலி. இன்னொன்றிலிருந்து ஓர் ஆண் குரல் திட்டியது. இரண்டு பெட்டிகள் சேரும் அந்த ஆடும் இரும்புத் தகட்டில் அவள் விழுந்து கிடப்பது போல ஒரு காட்சி, தெளிவாக, கண் முன்னால் வந்தது.

"தாயி, இறங்கு! கொடி காட்டுதாரு!"

அம்மாவோடு செங்கோட்டை வரை போவதா, இறங்குவதா? அம்மா உள்ளே இருக்கிறாளா என்றே தெரியவில்லை. ரயில் ஒரு குலுக்குக் குலுங்கியது. குதித்துவிட்டேன். ஸ்டூலில் கால் படவில்லை. உள்ளங்கையை ஊன்றி ஜல்லியில் விழுந்து எழுந்தேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போயின. கார்டு என்னைப் பார்த்து, இறங்கியாயிற்றா என்பது போலக் கையைத் திருப்பினார். என்ன பதில் காட்டுவது என்று தெரியாமல் நானும் அதேபோலக் கையைத் திருப்பினேன்.

அண்ணாச்சிதான் முதலில் பார்த்தார். "தாயி, அங்கன வேப்பமரத்துக்கு நேரா நிக்கிறது யாரு?"

பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், வெளியே போகும் வழிக்கு நேர் எதிரே, அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை டிக்கெட் அக்காவின் தோளில். மறு கையால் வெயிலுக்கு நெற்றியை மறைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜல்லியைத் தாண்டிப் பிளாட்பாரத்தில் நான் ஓடிய நானூற்றுச் சொச்சம் எட்டுகளை எண்ணவில்லை.

"ஏட்டி, அங்கன காட்டுக்குள்ள என்ன செய்த?" என்றாள் அம்மா.

"நீ எதுக்கு எந்திரிச்ச? விழுந்திருந்தா?"

"இந்த ஸ்டேஷன்ல இறங்குறவ பின்னால உக்காந்திருந்தா ஆவுமா? ராஜபாளையம் தாண்டவுமே கெளம்பிட்டேன். கடையநல்லூர்காரப் பிள்ளை ஒண்ணு பையத் தூக்கிட்டு வந்தா. ஒரு பெட்டி நடந்து, ஒரு பெட்டி உக்காந்து, அப்படியே வந்தேன். ஏ.சி. பெட்டியில ஒருத்தன் கேக்கான், இது ஏ.சி.ம்மா, இங்க வரக் கூடாதுன்னு. நான் என்ன படுக்கவா வந்தேன், நடக்கத்தானலே வந்தேன்னேன்."

"வாக்கர்?"

"அது அந்தச் சந்துக்குள்ள நுழையல. கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் அதைக் கண்ணால் பார்த்தேன். குனிந்து எடுத்திருந்தால் கைக்கு வந்திருக்கும். பட்டியலில் டிக் போட்டிருந்த பொருள் அது. இப்போது செங்கோட்டையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"நடந்து முன்னால வருவேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"ஒனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். நீதான எல்லாம் பாத்துப் போட்ட."

சேலைக் கரைக்குக் கீழே கணுக்கால் வீங்கியிருந்தது. முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை. பேச்சில் இருந்த மிடுக்கு காலில் இல்லை. அண்ணாச்சி ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டார். சிமெண்ட் தரையில் அது ஆடவில்லை. அம்மா உட்கார்ந்து, வலது காலை மெல்ல நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். டிக்கெட் அக்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்றபடியே, வந்த ஒருவருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஸ்டூலைக் கேட்கவில்லை.

நான் போனில் ரயில்வே உதவி எண்ணைத் தேடினேன். வாக்கரின் நிறம், பெட்டி எண், படுக்கை எண் என்று எழுதத் தொடங்கியிருந்தேன்.

"அதச் சாயங்காலம் பாக்கலாம். கையக் குடு" என்றாள்.

கையைக் கொடுத்தேன். உள்ளங்கைச் சிராய்ப்பில் அவள் பிடி எரிந்தது. இழுத்துக்கொள்ளவில்லை. ஆட்டோ வேப்பமரத்தடியில் இருந்தது. மூன்றாவது எட்டில் சற்றுத் தள்ளாடினாள். நின்றோம். மறுபடி நடந்தோம். ஒன்பது, பத்து. அண்ணன் வீட்டில் ஐம்பது நாளாக நடக்காத பத்து.

"எண்ணாதட்டி" என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே. "கூச்சமா இருக்கு."

நிறுத்திவிட்டேன். ஆட்டோவுக்குப் போய்ச் சேரும்வரை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நடந்தேன். உள்ளுக்குள் இருபத்தாறு வந்தது.