வேண்டாம் என்று சொன்ன ராணி

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வராது. எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணியைப் பற்றி எழுத எங்கள் வீட்டில் வேறு யாரும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

முதலில் நினைவுக்கு வருவது ஓர் அரக்கு நிறப் புடவை. அண்ணியின் கல்யாணப் புடவை. எழுபதுகளின் கடைசியில், ரிங்லெட் மலையூருக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழா நாடகத்துக்காக அதை எனக்குக் கட்டிவிட்டவர் அண்ணிதான். தாப்பா சாலையில் லோரி கவிழ்ந்து அண்ணன் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தொன்று, அண்ணிக்கு இருபத்து மூன்று, இடுப்பில் ஒரு பெண்குழந்தை. பேத்தி வெளியே போகக்கூடாது, மருமகளைச் சின்னவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்று அம்மா பேசத் தொடங்கியிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கொழுந்துக் கூடையோடு அண்ணி மலையிலிருந்து இறங்கும் நேரம் பார்த்துத்தான் தினமும் குழாயடிக்குப் போவேன். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் பெண்கள் மேடை ஏறும் வழக்கம் இல்லை. மீசை ஒழுங்காக முளைக்காதவன் என்பதால் ராணி வேடம் எனக்கு வந்தது. கதை எழுதியவர் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. ஈப்போவில் இங்கிலீஷ் படித்தவர். நானூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலீஷ் சோக நாடகங்கள் என்றால் அவருக்கு உயிர். அந்தப் பாணியிலேயே ஒரு கதை கட்டியிருந்தார். நகரத்தை வென்ற அரசன், செத்துப்போன எதிரியின் மனைவியைத் தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறான். அவள் மறுக்கிறாள். தலை போகிறது. "அங்கயும் அந்தக் காலத்துல பொம்பள வேஷம் பையனுங்கதான் கட்டுனானுங்க. கூச்சப்படாதடா," என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

ஒத்திகை, பகலில் குழந்தைகளை விட்டுவைக்கும் ஆயாக் கொட்டகையில் நடந்தது. வேலை முடிந்த பெண்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு சன்னலில் வந்து நிற்பார்கள். பனி உள்ளேயே வந்துவிடும். நான் அழுதுகொண்டே போய் அரசன் காலில் விழுந்தேன். கிராணி எழுதியது அப்படித்தான்.

"யக்கா, ராணிக்குச் சளி புடிச்சிருச்சு! கசாயம் வச்சுக் குடுங்கலா!" என்று சன்னலில் ஒருத்தி கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையோடு வாசல்வரை வந்துவிட்டார்.

"எந்திரிங்க தம்பி. வேண்டாம்னு சொல்ல வந்தவ எதுக்குக் கால்ல விழுவுறா?"

"அழுதாத்தானேம்மா சோகம்?" என்றார் கிராணி.

"அழுவுறத நாங்க பாத்துக்கிறோம் ஐயா. அவ நிக்கட்டும். ஆமா, கடைசில அவள ஏன் கொல்றீங்க?"

"அந்த நாடகங்கள்ல அப்படித்தாம்மா. தைரியமான பொம்பளைங்கள அவ்ளோ அழகா எழுதுவாங்க. கடைசில விட்டுவைக்க மாட்டாங்க."

"வேண்டாம்னு சொன்னதுக்காவா?" அண்ணி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "அவ எந்திரிச்சு நடந்து போறதுக்கு ஒரு வழி எழுத யாருக்கும் தெரியலயா?"

கிராணி சிரித்து மழுப்பினார். ஆனால் காலில் விழும் இடத்தைப் பேனாவால் அடித்துவிட்டார்.

அன்று அடுப்படியில் அண்ணி எனக்குச் செய்து காட்டினார். "காரணம் சொல்லாதீங்க தம்பி. காரணம் சொன்னா அதுக்கு ஒரு பதில் வச்சிருப்பாங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டு, அவன் மொகத்தையே பாருங்க." அடுப்பு வெளிச்சத்தில் என்னையே அரசனாக வைத்து ஒருமுறை பார்த்தார். அது நடிப்பு என்று நான் நம்பினேன்.

திருவிழாவில் நான் அண்ணியைத்தான் நடித்தேன். அந்தப் புடவையில் நிமிர்ந்து நின்று அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது, பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் கோவில் தலைவரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா எனக்குப் புதுச்சட்டை போடவைத்து அவர்கள் நடுவில் உட்காரவைத்தார். "என்னடா, சம்மதந்தானே?" என்றார் பெரியப்பா. நான் தலையைக் குனிந்தேன். அது சம்மதம் என்று எல்லாருக்கும் புரிந்தது. பிறகு அண்ணியைக் கூப்பிட்டார்கள்.

"வேண்டாம் மாமா."

"ஏம்மா? பையன்கிட்ட என்னா கொறய கண்ட?"

அண்ணி காரணம் சொல்லவில்லை. பெரியப்பாவைப் பார்க்கவும் இல்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அடுப்படியில் பார்த்திருக்கிறேன், மேடையில் செய்தும் இருக்கிறேன். எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நாடகம் பாத்துக் கெட்டுப்போனவ! அப்படின்னா இந்த வீட்டுல ஒனக்கு எடமில்ல," என்று அம்மா கத்தினார்.

"சரி அத்தை," என்றார் அண்ணி.

எண்பதுகளில் அவர் ஈப்போவில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மறுபடி கட்டிக்கொண்டார் என்றார்கள், இல்லை என்றும் சொன்னார்கள். எனக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். எங்கள் லயத்து வீடுகளில் இப்போது வெளிநாட்டுப் பையன்கள் தங்குகிறார்கள்; ஆயாக் கொட்டகையில் உரமூட்டை அடுக்கியிருக்கிறது. ஈப்போவுக்கு வேறு வேலையாகப் போகும்போதெல்லாம் பஸ் நிலையத்தில் சும்மா அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். விலாசம் கேட்டதில்லை. கேட்பது எனக்கு எப்போதுமே வராத காரியம்.

பெரியப்பா வந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அண்ணி குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று, "நானா ஒண்ணும் கேக்கல அண்ணி, அவுங்கதான்..." என்றேன்.

மடிப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "அதான் தம்பி. நீங்க கேக்கவே இல்ல."

மறுநாள் விடியும் முன்பே, முட்டைக்கோஸ் ஏற்றிய லோரியில் அண்ணியும் குழந்தையும் கீழே இறங்கிவிட்டார்கள். ஆறு மணிக்குக் கங்காணி வேலையாட்களின் பெயர் படித்தார். அண்ணியின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு அடுத்த பெயரைப் படித்தார்.