ஆண்டவருக்கு ரிப்பேர் சொல்லிக்கொடுத்தவர்

மெக்கானிக்குக்கு ஒரு ரகக் கஸ்டமரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வண்டியை நிறுத்தும்போதே பிளக்கை மாற்று, செயினைத் தொடாதே என்று உத்தரவு போடுகிற ரகம். அவர்களை ஓரத்து ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். கோளாறு எங்கே என்று வண்டியே சொல்லிவிடும்.

அதே மனிதர் காலையில் ஜெபத்துக்கு முழங்காலில் நின்றால் கதையே வேறு. சபையில் அவர் ஜெபிக்க எழுந்தால், அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்தவர்கள் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டிலும் நீளத்தில் குறை வைப்பதில்லை. அதில் பெரும்பங்கு தம்பிக்கு.

ஒரே பட்டறையில் கூட வேலை பார்த்த தம்பி, சண்டை போட்டுக்கொண்டு போய் எதிர்ப்பக்கமே கடை திறந்துவிட்டான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. இப்போது தம்பி மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வேறு ஆள் கையில் வந்தது. "அவன் பெருமையை உடைத்துப்போடும் ஆண்டவரே, அவனே என் வாசலுக்கு வரும்படி செய்யும்" என்று தினமும் விலாவாரியாக எடுத்துச் சொல்வார். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்று உள்ளுக்குள் ஒரே பயம். இறங்கிப் போகத்தான் மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு கஸ்டமர் வந்தார். வாய் ஓயவில்லை. மெக்கானிக்குக்குப் பொறுமை போய்விட்டது.

"வண்டிய என்கிட்ட விட்டாச்சில்ல, கொஞ்சம் சும்மா இருங்க. என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்."

டீ கொண்டுவந்த மனைவி டம்ளரை வைத்துவிட்டு, "ஆண்டவரும் உங்கள இதத்தாங்க சொல்லிட்டிருப்பாரு" என்று சொல்லிப் போய்விட்டாள்.

அவளுக்கு வாய் கூடிப்போச்சு என்று முணுமுணுத்தவர், டீயை மறந்துவிட்டுப் பூட்டிய நட்டையே மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முழங்காலில் நின்றவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியமா? முட்டி வலித்தது, குழாய் சொட்டியது, கொசு ஒன்று காதைச் சுற்றியே ஊழியம் செய்தது. வானத்திலிருந்து குரல் ஒன்றும் வரவில்லை. வந்தது அவருடைய குரலேதான். கடை நிறைய ஆள் இருக்கும்போது தம்பியிடம் கத்தியது: "நீ திங்கிற சோறே நான் போட்டதுடா." அந்தச் சண்டையில் நடந்த மற்றதையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தவர், இதை மட்டும் வசதியாக மறந்திருந்தார். வெட்கத்தில் அழுகை வந்தது.

நேரே எதிர்க்கடைக்குப் போனார். என்ன வேண்டும் என்று தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டான். மெக்கானிக் அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நீ பேசுடா. நான் கேக்கறேன்."

தம்பி கொட்டித் தீர்த்தான். பாதி அநியாயம். பதில் சொல்ல நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டார். அவன் ஓய்ந்த பிறகு, "அன்னைக்கு அப்படிச் சொன்னது என் தப்பு, மன்னிச்சிரு" என்றார். கழிவுத்துணியில் வெகுநேரம் கையைத் துடைத்த தம்பி, "பத்திரிகைய நானே கொண்டாந்திருக்கணும் அண்ணே" என்றான்.

திரும்பி வந்தவரிடம் மனைவி என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"இத்தனை நாளா அவன் வண்டியக் காட்டி ரிப்பேர் பண்ணச் சொல்லிட்டிருந்தேன்" என்றார் மெக்கானிக். "கோளாறு என் வண்டியில இருந்திருக்கு."