தேவரா வளைவில் ஒற்றைக்கால்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு செக்போஸ்ட் இருந்தது. சாயங்காலம் மட்டாஞ்சேரிச் சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் என் மனைவி நிலைப்படியில் நிற்பாள். செருப்பைக் கழற்றுவதற்குள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, "ஊதுங்க" என்பாள். ஊதுவேன். ஒரு நொடி கண்ணை மூடுவாள். அப்புறம் ஒதுங்கி வழிவிடுவாள். கோர்ட் கிடையாது, அபராதம் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

அவளைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்தைய வருஷம் என் குடியைப் பொறுக்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு களமசேரியில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போய் அந்த வாசலில் அழுது, அவளுடைய அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடுகிற அளவுக்கு அழுது, கூட்டிவந்தேன். வரும்போது பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இன்னொரு தரம் குடிச்சீங்கன்னா, சொல்லிக்கிட்டெல்லாம் போக மாட்டேன்."

விட்டுவிட்டேன். மனம் திருந்தி ஒன்றுமில்லை. தனியாக இருந்த நாட்களில் நான் வைத்த கஞ்சியை என்னாலேயே குடிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளில் எனக்கு ஓட்டம் சரக்கு ஏற்றுகிற பெட்டி ஓட்டோவில். மட்டாஞ்சேரிக் கிடங்குகளிலிருந்து பிராட்வே கடைகளுக்கு மிளகு, சுக்கு, கிராம்பு. எங்களில் குடிக்கிறவர்கள் எல்லோருக்கும் வாடையை மறைக்க ஒரே மருந்து கிராம்புதான். மூட்டையில் சிந்தியதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். காக்கியைக் கண்டால் இரண்டு கடி. மிளகு ஏற்றுகிற அன்று அடக்கமாக இருப்பது, கிராம்பு ஏற்றுகிற அன்று குடிப்பது என்று ஒரு ஒழுங்குமுறையே வைத்திருந்தோம். குடியை விட்ட பிறகும் என் பையில் நாலு கிராம்பு கிடந்தது. சட்டைக்கு யார் தகவல் சொல்வது?

ஒருநாள் மதியம் பிராட்வேயில் சரக்கு இறக்கிவிட்டு காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். வயிற்றில் ஒரு சாயா, ஒரு பழம்பொரி, வேறொன்றுமில்லை. தேவரா வளைவில் ஜீப்பு நின்றது. ஒரு காக்கி கையைக் காட்டியது. அவ்வளவுதான். என் கை தானாகப் பைக்குள் போனது. மூளைக்குச் சேதி போய்ச் சேருவதற்குள் பல் வேலையை முடித்துவிட்டது. ஒரு சொட்டு குடிக்காத நான், மூன்று கிராம்பைக் கடித்து மென்றுகொண்டு போலீஸின் முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

ஊதிப் பார்க்கிற மெஷின் என்று ஒன்று உண்டென்று கேள்விப்பட்டிருந்தோம். அந்த ஸ்டேஷனுக்கு அது வந்து சேரவில்லை. போலீஸ்காரரின் மூக்குதான் மெஷின்.

"ஊதெடா" என்றான் இளவட்டப் போலீஸ்காரன். ஊதினேன். புதையல் எடுத்தவன்போல ஜீப்பைப் பார்த்துக் கூவினான். "சாரே, கிராம்பு!"

ஏட்டு மெதுவாக இறங்கி வந்தார். "எந்தா அண்ணாச்சி, கிராம்பு எதுக்கு?"

"பல்வலி சார்."

"எந்தப் பல்லு?"

விரலை வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"அங்க பல்லே இல்லையேடா."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயத்தில் கடித்தேன் என்று. குடிக்காதவனுக்கு என்ன பயம் என்று கேட்டிருப்பார்.

ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்கள். என் கால்கள் இரண்டும் தனித்தனியாக வேறு ஊருக்குப் போகப் பார்த்தன. சரி, ஒற்றைக்காலில் நில், கையை விரி என்றார்கள். விரித்தேன். உடம்பு மொத்தமும் ஆடியது. அந்த நேரம் பார்த்து மட்டாஞ்சேரி பஸ் வளைவில் திரும்பியது. ஜன்னலுக்கு ஒரு தலை. எங்கள் சந்தில் பூ விற்கிற அக்காவின் தலையும் அதில் இருந்தது. நான் கையைக் கீழே போட்டிருக்கலாம். போடவில்லை. சிரித்தேன் வேறு.

என் வண்டியை இளவட்டம் ஓட்டிவர, என்னை ஜீப்பில் கொண்டுபோய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி ரத்தம் எடுப்பார்கள் என்று பக்கத்தில் இருந்த பாக்கெட்டடிக்காரன் சொன்னான். எனக்கு உயிர் வந்தது. ரத்தம் பொய் சொல்லாது, அந்தச் சீட்டை வீட்டில் காட்டிவிடலாம். ஆனால் என்னை இறக்கிவிட்டுப் போன ஜீப்பு திரும்பி வரவில்லை. ஏதோ பெரிய அதிகாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டதாம். பெஞ்சில் நிழல் நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஏட்டு கொட்டாவி விட்டபடி வந்தார்.

"எழுந்து போ. பிடிச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டலைன்னா உன்னை வெச்சிருக்க முடியாது. நியமம். உன் அவகாசம்."

அவகாசம் என்றால் மலையாளத்தில் உரிமை. என் வாழ்க்கையில் எனக்கு ஓர் உரிமை இருக்கிறதென்று ஒரு போலீஸ்காரர் சொன்னது அன்றைக்கு மட்டும்தான். நான் அவர் காலைப் பிடித்தேன்.

"சார், உரிமையெல்லாம் எனக்கு வேண்டாம். ரத்தம் எடுங்க சார். என் வண்டியிலேயே போகலாம்."

"குடிச்சவன் ஓட்ற வண்டியில நான் வரணுமா?"

"அப்ப நான் குடிச்சிருக்கேன்னு எழுதிக் குடுங்க."

"அதுக்கு டாக்டர் வேணும்."

"குடிக்கலைன்னு எழுதிக் குடுங்க."

"அதுக்கும் டாக்டர் வேணும். ஓடு, வண்டியை எடுத்துக்கிட்டு ஓடு."

ஒற்றைக்காலில் நிற்கத் தெரியாதவன் கையில் சாவியைக் கொடுத்து, ஊருக்குள் அனுப்பிவைத்தார்கள்.

வீட்டு நிலைப்படியில் ஆளில்லை. உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். பூக்கார அக்கா சந்து முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள், உன் வீட்டுக்காரர் தேவராவில் தவம் பண்ணுகிறார் என்று.

"நான் குடிக்கலை. விட்டுட்டாங்க" என்றேன்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"ஒண்ணுமில்லை. சட்டப்படி விட்டாங்க."

"நம்மளையா?"

நானே போய் அவள் முகத்துக்கு முன்னால் ஊதினேன். வழக்கம்போலக் கண்ணை மூடினாள். கிராம்பு. எத்தனை வருஷம் அந்த மணத்துக்குப் பின்னால் பிராந்தி இருந்ததோ அத்தனை வருஷமும் அவள் முகத்தில் வந்து போனது. "பயத்துல கடிச்சேன்" என்றேன். சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அவள் களமசேரிக்குப் போகவில்லை. பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிறது என்றாள். போயிருந்தாலாவது வாசலில் நின்று அழுதிருக்கலாம், அதில் எனக்கு நல்ல பழக்கம். அவள் வேறொன்று செய்தாள். செக்போஸ்ட்டை எடுத்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் நிலைப்படியில் வந்து நின்றேன். அடுக்களையிலிருந்து பாத்திரச் சத்தம் மட்டும் வந்தது. ஒரு மாதம் வாசலில் தாமதித்துத் தாமதித்துச் செருப்பைக் கழற்றினேன். கழற்றுகிற செருப்பில் அத்தனை வார் கிடையாது.

அந்த ஊதலை எவ்வளவு திட்டியிருக்கிறேன். ஒரு நாளில் அவள் என் கிட்டே வந்தது அந்த ஒரு நொடிதான் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் அதற்கப்புறமும் குடிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் குடிக்கிறவர்கள் உண்டு. நான் யாருக்கும் தெரியாமல் குடிக்காமல் இருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து அதே வளைவில் என்னைக் கைகாட்டி நிறுத்தினார்கள். சட்டைப்பை இல்லாத சட்டைதான் அப்போதெல்லாம் போடுவது. இப்போது மெஷின் இருந்தது. ஊதினேன். பூஜ்யம் வந்தது. "சார், இதுக்கு ஒரு சீட்டு கிடைக்குமா?" என்று கேட்டேன்.

பையன் வயசுப் போலீஸ்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "குடிச்சவங்களுக்குத்தான் சேட்டா சீட்டு. நீங்க போங்க."

வீட்டுக்கு வந்தேன். மகள் கல்யாணமாகிப் போயிருந்தாள். நிலைப்படியில் நின்றபடி சொன்னேன். "இன்னைக்கு மெஷின்ல ஊதச் சொன்னாங்க. பூஜ்யம் வந்துது."

"கை கழுவிட்டு வாங்க. மீன் ஆறிடும்."

நான் நகரவில்லை. "ஊதட்டா?"

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "எதுக்கு?"

மீன் ஆறித்தான் போயிருந்தது.