உதறிக் காட்டும் வாசல்

கனடாவில் நான் வேலை பார்க்கும் ஊரில் சென்ற சனிக்கிழமை சர்வதேச உணவு, கலாச்சார விழா. நுழைவில் கொடுத்த வரைபடத்தில் முப்பத்து நான்கு கடைகள். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் போனேன். இந்தியக் கடை இருபத்தெட்டில் இருந்தது. நான் பதினொன்றைத் தாண்டவில்லை.

பதினொன்று ஓர் அரபு நாட்டுக் கடை. பித்தளைக் கூஜாவிலிருந்து ஒரு பெண் சின்னக் கிண்ணத்தில் காபி ஊற்றித் தந்தாள். வைக்கோல் நிறம். வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே அந்த வாசனையில் எங்கள் ஊர் போடி பஸ் நிலையத்தில் இறங்கிவிட்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்து, எனக்கு அது என்னவென்று தெரியவில்லை என அவள் நினைத்திருக்க வேண்டும். ஏலக்காயை ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, கொண்டுபோங்கள் என்றாள். எல்லாம் பெரிய காய், பச்சை மாறாதது.

போடிக்காரர்களுக்கு ஏலக்காய் வாசனை தெரியாது. வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்தான் மூக்கை உறிஞ்சுவார். எனக்கும் அது தெரியாமல் போன காலம் ஒன்று உண்டு. இருபத்திரண்டு வயதில், ஏலக்காய் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் மேற்பார்வை வேலை. மலையிலிருந்து மூட்டையில் இறங்கும் காயைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். பெரிய பச்சைக்காய் வெளிநாட்டுக்கு; வெளுத்ததும் வெடித்ததும் நம் பாயசத்துக்கு. மாலையில் வாசலில் ஒவ்வொருவரும் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அதைப் பார்ப்பது என் வேலை.

செல்லத்தாய் அத்தை ராசிங்காபுரம், தூரத்து உறவு. வாசலில் அவள் சத்தம்தான் முதலில் கேட்கும்.

“பொண்ணு பாக்கப் போற வீட்லயும் மாமியாள இப்படித்தே ஒதறச் சொல்லுவீகளா மருமகனே? வெரசாப் பாருங்க, பஸ்சு போயிரும்.”

வரிசை முழுக்கச் சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். கையில் மேற்பார்வை நோட்டு இருந்தது அல்லவா.

ஒருநாள் ஒரு காயை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டாள்: “இம்புட்டுத் தண்டி காய எங்க கொண்டுபோறாக?”

“அரபு நாட்டுக்கு அத்தே.”

“அங்ஙன எதுல போட்டுத் திங்கிறாக?”

“தெரியலயே.”

“படிச்ச புள்ளைக்கே தெரியலயா? தெரிஞ்சாச் சொல்லுங்க.”

அடுத்த வாரம் அவள் உதறியபோது ஒரு காய் விழுந்து சிமெண்டுத் தரையில் உருண்டது. சிரிப்பு நின்றது.

“கொசுவத்துல ஒட்டிக்கிட்டு வந்துருக்கும் மருமகனே. எனக்குத் தெரியாது.”

எனக்கு முன் அந்த வாசலில் நின்றவர், இப்படி ஏதாவது விழுந்தால் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வானத்தைப் பார்ப்பாராம். அந்த மரியாதையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் நோட்டில் எழுதினேன்: செல்லத்தாய், ஐந்து நாற்பது, ஒன்று. காலையில் முதலாளி நோட்டைப் படித்தார். அவளை வாசலோடு திருப்பி அனுப்பினார். அவள் என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகு ஊரில் வேறெந்தக் கிட்டங்கியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

எழுதிய அன்றே, வீட்டில் பேண்ட்டைக் கழற்றியபோது கீழ்மடிப்பிலிருந்து காய்கள் விழுந்தன. மூன்று. என்னை யாரும் உதறச் சொல்லவில்லை. மறுநாள் முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். டைரியில் ‘மூன்று’ என்று மட்டும் எழுதி வைத்தேன்.

போன முறை ஊருக்குப் போனபோது கிட்டங்கியில் ஓர் இயந்திரம் நின்றது. காயின் நிறத்தை அதுவே பார்த்துப் பிரிக்கிறது. பெண்கள் உட்கார்ந்த தரை காலியாகக் கிடந்தது. வாசலில் எவரும் நிற்கவில்லை. ராசிங்காபுரத்தில் அத்தையின் வீடு பூட்டியிருந்தது. “அது போயிச் சேந்து ரெண்டு வருசமாச்சேப்பா” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

காபியில் போடுகிறார்கள் அத்தை. இத்தனை வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

விழாக் கடையில் அந்தப் பெண் தந்த காய்களை அவள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் கோட்டைக் கழற்றி உதறினேன், பழக்கதோஷம். கைமடிப்பிலிருந்து ஒன்று விழுந்து உருண்டது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அன்றைய டைரியில் கடை எண் இருக்கிறது, நேரம் இருக்கிறது. அந்தக் காய் இல்லை.