நாலு மணி நேரத் தூரம்

எங்கள் மலையில் யாரும் கிலோமீட்டர் சொல்லமாட்டார்கள். சின்னக்கானலிலிருந்து மூணாறு எவ்வளவு தூரம் என்று கேட்டால், "ஜீப்புல ஒரு மணி நேரம்" என்பார்கள். தேயிலைத் தொழிற்சாலை, நடந்தால் இருபது நிமிடம். திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் எங்கள் சொந்த ஊர், பஸ்ஸில் பத்து மணி நேரம். தூரம் என்றாலே நேரம்தான் என்று நம்பி வளர்ந்தவள் நான்.

எனக்கு எட்டு வயதாகும்போது அம்மா துபாய்க்குப் போனாள். அங்கே ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. துபாய் எவ்வளவு தூரம் என்று ஜீப் ஓட்டும் சித்தப்பாவைக் கேட்டேன். "கொச்சியில ஏறுனா நாலு மணி நேரந்தான் பிள்ள. கண்ண மூடித் தொறந்தா துபாய்" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. சொந்த ஊரில் பாதித் தூரம்கூட இல்லையே!

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் சர்ச்சில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் உண்டு. எஸ்டேட்டே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. அந்த வருஷம் ஆராதனையில் நான் தனியாகப் பாட வேண்டும். அம்மா கட்டாயம் வருவாள் என்று எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகள் அத்தனையிலும் பெருமையடித்து வைத்திருந்தேன். போனில் அம்மா, "ஏட்டி, அவ்வளவு தூரத்துலருந்து எப்படி வர முடியும்? ரெண்டு வருஷம் ஆனாத்தான் லீவு தருவாங்க" என்றாள்.

ஆனால் அத்தை வந்துவிட்டாள். ஊரிலிருந்து பத்து மணி நேரம் பஸ்ஸில், போடிமெட்டு மலைப்பாதையில் ஒரு வளைவு விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு முடிகிறது, நாலு மணி நேரத்தில் இருப்பவளுக்கு முடியாதாம்! ஆத்திரத்தில் பாட்டின் இரண்டாம் சரணத்தை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அன்றோடு அம்மாவிடம் பேச்சை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். அப்பா கதவுக்கு அடியில் போனைத் தள்ளிப் பார்ப்பார். "நாலு மணி நேரந்தானே, நேர்ல வந்து பேசச் சொல்லுங்க" என்று கத்தி, போனைத் திருப்பித் தள்ளிவிடுவேன். அம்மாவுக்கு அதெல்லாம் நன்றாகவே கேட்டிருக்கும்.

ஒருவழியாக இரண்டு வருஷம் முடிந்து அம்மா வந்தாள். கூட்டிவர சித்தப்பாவின் ஜீப்பில் கொச்சிக்குக் கிளம்பினோம். அடிமாலிக்கு முன்பே எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. நேரியமங்கலம் போவதற்குள் அத்தையை மிஞ்சிவிட்டேன். கவுனெல்லாம் நாசம். விமான நிலையம் போய்ச் சேர ஐந்தரை மணி நேரம். சித்தப்பாவின் கைக்கடிகாரத்தை வாங்கி நானே கணக்குப் பார்த்தேன்.

பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த அம்மா என்னைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். நான் ஓரடி தள்ளி நின்றேன்.

"பிளைட்டு எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

"நாங்க அஞ்சரை மணி நேரம் வந்திருக்கோம். இப்பச் சொல்லு, யாரு தூரத்துலருந்து வந்தது?"

சித்தப்பா வெடித்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்; சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீதாம்மா. நீதான் ரொம்பத் தூரத்துலருந்து வந்திருக்க."

ஜெயித்த மிதப்போடு ஜீப்பில் ஏறினேன். அம்மா புதுச் சேலை கட்டியிருந்தாள். ஆனாலும் அந்த நாறுகிற கவுனோடு என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னக்கானல் வரும்வரை இறக்கிவிடவே இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு மடி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு ஒரே வெட்கம். தோற்றுப்போனவள் எதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்பதுதான் கடைசிவரை எனக்குப் புரியவில்லை.